கொப்பியில் எழுதாத இரண்டு விடயங்கள்

வாசகர் கடிதம்

ஐயா, நான் பருத்தித்துறைப் பக்கம். வயது 36. தையல்தான் வருமானம். அம்மாவும் தம்பியும் என்னோடு இருக்கிறார்கள். தம்பிக்கு 27. ஏ.எல். சோதனை எடுத்த வருடம் காதுக்குள் ஆட்கள் கதைப்பது போலக் கேட்கத் தொடங்கியது. மனச்சிதைவு என்று சொல்லி எட்டு வருடமாக மருந்து நடக்கிறது. மாதம் ஒரு ஊசி, இரவில் ஒலன்சபின் குளிசை. மாற்றுத்திறனாளி கொடுப்பனவு மாதம் 10,000 ரூபா வருகிறது. வீட்டுக்கு அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணமும் வருகிறது. இந்த இரண்டும் என் தையலும்தான் எங்கள் அடுப்பு.

இரண்டு வருடமாக அவன் கஞ்சா புகைக்கிறான். ஒரு நாளைக்கு மூன்று, நாலு தரம், புகையிலையோடு சுத்தி. அது பிடித்தால் சத்தம் குறையுது என்கிறான். கேட்டால் "அது மூலிகை, கனடாவில கடையில விக்கிறாங்கள்" என்கிறான். கிளினிக்கில் டொக்டர் "சிகரட், குடி, கஞ்சா ஏதாவது?" என்று கேட்டபோது நான் பக்கத்தில் நின்று "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். போன வருடம் குளிசையை 10 மில்லிகிராமில் இருந்து 20 ஆக்கினார்கள். அப்படியும் சரிவரவில்லை. இப்போது வேறு மருந்துக்கு மாத்துவது பற்றிக் கதைக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் கிளினிக் கொப்பியில் எழுதுவார்கள், கொப்பியை விதானையார் (கிராம அலுவலர்) பார்த்தால் காசை வெட்டுவார்கள் என்று பயம். அமெரிக்காவில் இருக்கிற சின்னம்மாவும் "போதை என்று தெரிந்தால் அரசாங்கம் காசு தராது, வாயைத் திறக்காதே" என்கிறா. அவன் கேட்டுக் கத்துவதால் கொடுப்பனவில் நாலாயிரம், ஐயாயிரம் அவன் கைக்கே போகிறது. நான் கொடுத்ததுதான் பிழையா?

இன்னொன்று. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெடியனின் பழைய சைக்கிளை முழுக்கக் கழற்றி, ஒரு பின்னேரத்துக்குள் பூட்டிக் கொடுத்தான். எனக்குச் சந்தோசம் வரவில்லை, பயம் வந்தது. இதை ஆரும் கண்டு சொன்னால், இவனுக்கு ஏன் காசு என்று கேட்க மாட்டார்களா?

- வடமராட்சி வாசகி

மறுமொழி

தங்கச்சி, முதல் கேள்விக்கு முதலே மறுமொழி சொல்லிவிடுகிறேன். தம்பி கஞ்சா புகைக்கிறான் என்று டொக்டரிடம் சொன்னதற்காக அந்தப் பத்தாயிரம் நிற்காது. அஸ்வெசுமவும் நிற்காது.

நான் வைத்தியர் அல்ல. உளநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளனாக இருந்தவன். வாட்டுக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில் பைலோடு அலைந்தே பாதி வாழ்க்கை போனது. எனவே மருந்தின் அளவு பற்றி டொக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. நான் எழுதுவது, அந்த டொக்டருக்கு முன்னால் நீங்கள் எதைச் சொல்ல வேண்டும், ஏன் சொல்ல வேண்டும் என்பது பற்றி.

மாற்றுத்திறனாளி கொடுப்பனவு நல்ல பிள்ளைக்குக் கொடுக்கிற பரிசு அல்ல. இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: இயலாமை இருக்கிறதா, வீடு கஷ்டப்பட்டதா. முதலாவதை வைத்தியச் சான்றிதழ் சொல்லும். இரண்டாவதை விதானையாரும் சமூக சேவைகள் உத்தியோகத்தரும் பார்த்து எழுதுவார்கள். இந்தப் படிவங்களைக் குடும்பங்களோடு குந்தியிருந்து எத்தனையோ தரம் நிரப்பியிருக்கிறேன். போதைவஸ்து பாவிப்பவரா என்று கேட்கிற ஒரு கட்டத்தை நான் கண்டதில்லை. கஞ்சாவைக் காரணமாக எழுதி நிறுத்திய ஒரு கடிதமும் என் கைக்கு வந்ததில்லை.

அஸ்வெசுமவும் அப்படித்தான். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023இல் தொடங்கிய திட்டம் அது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தால் 22 அளவுகோல்களை வைத்துப் பார்த்து, குடும்பங்களை நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். வறியவர் வகைக்கு 2025 ஜனவரி தொடக்கம் மாதம் 10,000 ரூபா, மிக வறியவர் வகைக்கு 17,500. அந்த 22இல் கஞ்சாவும் இல்லை, சாராயமும் இல்லை. வீட்டில் தீராத வருத்தக்காரர் ஒருவர் இருப்பது அங்கே உங்களுக்குச் சாதகமான விடயம். அயலில் ஒருவர் எரிச்சலில் உங்களுக்கு எதிராக ஆட்சேபனை போட்டாலும், வருமானம், சொத்து, வீடு பற்றித்தான் அவர் எதையாவது காட்ட வேண்டும். "அந்தப் பெடியன் புகைக்கிறான்" என்பது எந்தக் கட்டத்துக்குள்ளும் விழாது. (விற்கிறான் என்றால் கதை வேறு. அது வருமானமும் ஆகிவிடும், வழக்கும் ஆகிவிடும். நீங்கள் அப்படி எழுதவில்லை.)

சின்னம்மா சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அவ இருக்கிற நாட்டில் 1996இல் ஒரு சட்டம் வந்தது. குடிக்கோ போதைக்கோ அடிமையானதை மட்டும் இயலாமையாகக் காட்டி உதவிப்பணம் எடுக்க முடியாது என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு அங்கே அதிகாரிகள் கேட்கிற கேள்வி ஒன்று: இந்த ஆள் நாளைக்கே பாவனையை விட்டாலும் இவருக்கு இயலாமை மிஞ்சுமா? மிஞ்சும் என்றால் பணம் உண்டு. உங்கள் தம்பிக்குக் குரல் கேட்கத் தொடங்கி ஆறு வருடம் கழித்துத்தான் கஞ்சா வந்தது. அவன் நியூயோர்க்கில் இருந்தால்கூட அவனுடைய பழைய கொப்பியே அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லிவிடும். பருத்தித்துறையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் இல்லை. புலம்பெயர்ந்த சொந்தங்கள் அங்கத்தைச் சட்டத்தைத் தொலைபேசியில் சொல்ல, இங்கே நாங்கள் அதற்குப் பயப்படுகிறோம். அகதி வழக்கில் தொடங்கிய பழக்கம், இன்னும் போகவில்லை.

கொடுப்பனவு நிற்பது வேறு காரணங்களால். அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. தகவலைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வந்த கிழமை வீட்டில் ஆள் இல்லை. வீடு மாறி, பழைய விதானையாரிடமும் இல்லை, புதியவரிடமும் இல்லை. இவை எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது, கிளினிக் விட்டுப்போவதற்கு. ஒரு வருடம் திகதி அடிக்காத கொப்பியை வைத்துக்கொண்டு எந்த டொக்டரிடம் போய்ப் புதுச் சான்றிதழ் கேட்பீர்கள்? ஒளிக்க ஒரு விடயம் உள்ள வீடுதான் கிளினிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். முதலில் ஆளைக் கூட்டிப் போகாமல் கொப்பியை மட்டும் கொண்டு போய்க் குளிசை எடுப்பார்கள். பிறகு அதுவும் நிற்கும். கஞ்சா காசை வெட்டாது. கஞ்சாவை மறைக்கப் போய்க் கிளினிக்கை விட்டால், அது வெட்டினாலும் வெட்டும்.

எப்போதாவது ஒரு மாதம் காசு வராமல் போனால் கையெழுத்துப் போட்ட மறுமொழி கேளுங்கள். "அக்கா, மேலிடத்துப் பிரச்சினை" என்ற கதையோடு திரும்பி வராதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் மேன்முறையீட்டை எதற்கு எதிராக எழுதுவது என்று தெரியும். இதை ஒருதரமாவது செய்த வீட்டுக்கு அடுத்த தரம் மேசையில் கிடைக்கிற மரியாதையே வேறு.

இனிக் கொப்பிக்கு வருவோம். கிளினிக் கொப்பி உங்கள் வீட்டில், உங்கள் அலுமாரியில் இருக்கிறது. விதானையார் அதைக் கேட்டு வாங்கி வாசிப்பதில்லை. அவருக்கு வேண்டியது சான்றிதழ். அதில் நோயின் பெயரும், அதனால் அவனுக்கு என்ன ஏலாது என்பதும் வரும். அதையும் தாண்டிப் பயமாக இருந்தால் டொக்டரிடம் நேரே கேளுங்கள்: "இதை எங்கே எழுதுவீர்கள், ஆர் பார்ப்பினம்?" அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. நோயாளி கஞ்சா புகைக்கிறான் என்று பொலிசுக்குப் போன் அடிப்பது டொக்டரின் வேலையும் அல்ல. உயிருக்கு ஆபத்து, நீதிமன்றக் கட்டளை என்று வந்தால்தான் அந்த அறையின் பேச்சு வெளியே போகும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு அதிகம் பயம் தருகிற இடத்துக்கு வருகிறேன்.

ஒலன்சபின் குளிசையை உடைத்து வெளியே அனுப்புகிற ஒரு நொதியம் ஈரலில் இருக்கிறது. எரிந்த புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள் அந்த நொதியத்தை முடுக்கிவிடும். நிக்கொட்டின் அல்ல, புகைதான் செய்கிற வேலை. பீடி, சிகரட், புகையிலையோடு சுத்திய கஞ்சா எல்லாம் இதில் சேரும். ஒரு நாளைக்கு நாலு தரம் புகைக்கிறவன் உடம்பில், அவன் விழுங்குகிற குளிசையில் ஒரு பங்கு வேலை செய்யுமுன்னமே கழிந்துவிடும். இன்னொரு பக்கத்தால் கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. என்ற பொருள், மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைக் கிளறுகிறது. குளிசையின் வேலை டோபமினை அடக்குவது. ஆகவே ஒரு கை அணைக்க, மற்றக் கை மூட்டுகிறது, அணைக்கிற கையின் தண்ணீரும் பாதி ஒழுகிப் போகிறது.

டொக்டருக்கு இது ஒன்றும் தெரியாது. அவருக்கு முன்னால் இருப்பவன், நீங்கள் சொன்னபடி, புகையே பிடிக்காத, ஒழுங்காகக் குளிசை போடுகிற, அப்படியும் குரல் குறையாத ஒரு இளைஞன். அப்படி ஒருவனுக்கு என்ன செய்வது? 10ஐ 20 ஆக்குவார். ஒலன்சபினுக்கு வழமையாக அதுதான் உச்ச அளவு. அதற்கும் சரிவராவிட்டால், மருந்துக்கு மடங்காத நோய் என்று எண்ணி வேறு மருந்தை யோசிப்பார். பெரும்பாலும் அது குளோசபின். நல்ல மருந்து, பல குடும்பங்களுக்கு மகனைத் திருப்பித் தந்த மருந்து. ஆனால் வெள்ளை இரத்த அணுக்களை விழுத்தக்கூடியது என்பதால் முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒரு இரத்தப் பரிசோதனை வேண்டும். புகைக்கும் குளோசபினுக்கும் உள்ள பகை ஒலன்சபினை விடவும் பெரிது. புகைக்கிறவனுக்கு ஏற்றிவைத்த அளவை, அவன் திடீரென்று புகையை விட்ட பிறகும் அப்படியே கொடுத்தால், சில நாட்களில் இரத்தத்தில் மருந்து ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம்.

தீவகத்துப் பெடியன் ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். வீட்டில் எவ்வளவு குளிசை போட்டும் அடங்கவில்லை என்று வாட்டில் சேர்த்தார்கள். வாட்டில் புகைக்க வழியில்லை. அதே குளிசை, அதே அளவு. நாலைந்து நாளில் தலை நிமிர்த்த முடியாமல், வாயால் நீர் வடிய, தாய் ஊட்டிய சோற்றை விழுங்க மாட்டாமல் கிடந்தான். "மருந்தடிச்சே கொல்லுறாங்கள்" என்று தாய் கத்தினார். ஒரு வயதான நேர்ஸ்தான் மெல்லக் கேட்டா: "அம்மா, வீட்டில இவர் என்ன பத்திறவர்?" தாய் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அன்றைக்கே அளவைக் குறைத்தார்கள். பெடியன் எழும்பினான்.

அதனால் அடுத்த கிளினிக்கில், மருந்து மாத்த முதல், சொல்லுங்கள். "போன தரம் பயத்தில இல்லை என்று சொல்லிப்போட்டன்" என்று தொடங்கினால் போதும். எத்தனை தரம், புகையிலையோடா, எப்போது தொடங்கியது, குளிசை இடையில் தவறுகிறதா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொல்ல வராவிட்டால் துண்டை நீட்டலாம். தம்பிக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். முதல்நாளே அவனிடம், "நான் நாளைக்கு உள்ளதைச் சொல்லப்போறன், உன்னைக் காட்டிக் குடுக்க இல்லை, குளிசையைச் சரியாக்க" என்று சொல்லுங்கள். கோபிப்பான். கோபித்தாலும், பிறகு கண்டுபிடித்து நம்பிக்கை உடைவதை விட அது சின்ன நட்டம். அவன் புகைப்பதை விடவோ குறைக்கவோ தொடங்கினால் அதையும் உடனே சொல்ல வேண்டும். காரணம் மேலே எழுதிவிட்டேன்.

அவனுடைய நியாயங்களையும் பார்ப்போம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டப்படி விற்கிறார்கள், உண்மை. அதே கனடா அரசாங்கம்தான், குடும்பத்தில் இப்படியான மனநோய் உள்ளவர்கள் இதைத் தொடவேண்டாம் என்றும் சொல்கிறது. கடையில் விற்கிறார்கள் என்பதற்காக நீரிழிவுக்காரர் தொதலை முழுத்தட்டாகச் சாப்பிடுவாரா? மூலிகை என்பதும் உண்மைதான். சித்த, ஆயுர்வேத லேகியங்களில் அதற்கு இடம் உண்டு, சுத்தி செய்து, அளந்து. அலரி விதையும் செடியில்தான் காய்க்கிறது. அலரி விதை எங்கள் ஊரில் எத்தனை வீட்டை அழித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"சத்தம் குறையுது" என்று அவன் சொல்வதை மட்டும் பொய் என்று தள்ளாதீர்கள். புகைத்த அந்தக் கொஞ்ச நேரம் குரல் தூரத்தில் போவது போல இருக்கும், அல்லது அது கேட்டாலும் பரவாயில்லை என்று இருக்கும். இறங்குகிறபோது கூட்டிக்கொண்டு வரும். இன்னொன்றும் உண்டு. இந்த ஊசி சிலருக்குக் காலில் ஒரு அந்தரத்தைக் கொடுக்கும், இருக்கவும் விடாது, நிற்கவும் விடாது. சிலருக்கு உள்ளுக்குள் எல்லாம் மரத்தது போல. அதைத் தாங்க மாட்டாமல் புகைப்பவர்கள் நிறையப் பேர். அந்தரத்துக்கு வேறு குளிசை இருக்கிறது, ஊசியின் அளவை மாற்றலாம். எனவே "ஏன்டா இந்தக் கோதாரியைப் பிடிக்கிறாய்" என்று கேட்காமல், "எந்த நேரத்தில அதைத் தேடுது, அப்ப உடம்பில என்ன செய்யுது?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்கிற மறுமொழி டொக்டருக்குப் பெறுமதியானது.

நான் காசு கொடுத்துத்தான் இந்த நிலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய்க்கு இல்லை. சுவீடனில் இராணுவப் பயிற்சிக்கு எடுத்த ஏறக்குறைய 45,000 இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் எழுதினார்கள். சேரும் வயதுக்குள் 50 தரத்துக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்கு. 2019இல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பார்த்ததில், தினமும் புகைப்பவருக்கு ஆபத்து மூன்று மடங்கு, வீரியம் கூடிய சாமானைத் தினமும் புகைப்பவருக்கு ஐந்து மடங்குக்குக் கிட்ட. அப்படியிருந்தும் புகைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வரவில்லை, புகைக்காத பலருக்கு வந்திருக்கிறது. உங்கள் தம்பி இரண்டாவது கூட்டம். கஞ்சா அவனுக்கு நோயைக் கொண்டுவரவில்லை. வந்த நோயை ஆற விடாமல் கிளறிக்கொண்டிருக்கிறது. விடாமல் புகைப்பவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப எழும்பும், வாட்டில் கிடக்கிற நாளும் கூடும். எனவே பழையதை நினைத்து அழத் தேவையில்லை, ஆனால் அந்த நாலாயிரம், ஐயாயிரத்தைப் பற்றிக் கதைக்கத்தான் வேண்டும்.

பணம் அவன் பெயரில் வருவது, அவனுடையது. முழுதையும் பறித்து வைத்தால் சண்டை வரும், கள்ளமும் வரும், கடனுக்குக் கஞ்சாச் சரை கொடுக்கிறவனும் வருவான். கடன்தான் மோசம், கடன்பட்டவனைத்தான் சாமான் காவ விடுவார்கள். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். காசு வருகிற நாளில் மொத்தமாகக் கையில் கொடுக்கிற வழக்கத்தை முதலில் மாற்றுங்கள். அவனையும் வைத்துக்கொண்டு பங்கு பிரியுங்கள். சாப்பாட்டுக்கு இவ்வளவு, கிளினிக் பஸ்சுக்கு இவ்வளவு, சேட்டுக்கும் செருப்புக்கும் இவ்வளவு, மிச்சம் அவன் கைக்கு இரண்டு நாளைக்கொருக்கால். கையில் ஒரு சதமும் இல்லாத 27 வயது ஆண்பிள்ளைக்கு வெட்கம் வரும். அந்த வெட்கம் ஒழுங்கைத் தொங்கலில் நிற்கிற கூட்டத்திடம்தான் கொண்டு போய் விடும்.

அவன் விட விரும்புகிற நாள் வரும். அன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டெறியச் சொல்ல வேண்டாம், கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். விட்ட ஓரிரண்டு நாளில் எரிச்சல், நித்திரையின்மை, சாப்பாடு இறங்காமை, பயங்கரக் கனவு வரும். முதல் கிழமை கூட இருக்கும், இரண்டு கிழமையில் பெரும்பாலும் தணியும். அந்த இரண்டு கிழமையில் அவன் சத்தம் போட்டால் நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஆனால் குரல் சொல்கிறபடி செய்யப் பார்த்தால், சாகிற கதை கதைத்தால், உங்களையே சந்தேகிக்கத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், ஆளை ஏற்ற வேண்டும் என்றால் 1990 அம்புலன்ஸ். போதைப் பாவனை பற்றிக் கதைக்க 1927 இருக்கிறது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அம்மா சந்நிதி முருகனுக்கு நேர்ந்தால் நேரட்டும், அங்கே போய் ஒருநேரம் அன்னதானம் சாப்பிட்டு வருவது அவனுக்கு நல்லதுகூட. குளிசை மட்டும் பையில் போகட்டும். அவனைச் சுற்றி ஐஸ் என்ற போதைவஸ்து பாவிக்கிற கூட்டம் வந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

பொலிஸ் பற்றி. கஞ்சா வைத்திருப்பது 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இன்றும் குற்றம். 2023 டிசம்பரில் தொடங்கிய சுற்றிவளைப்புகளில் சின்னச் சரையோடு பிடிபட்டவர்களும் கொத்தாக ஏறினார்கள். உங்கள் பயத்தில் பாதியை இந்தப் பக்கம் வையுங்கள், இது நிஜமான ஆபத்து. விளக்கமறியலில் ஒரு கிழமை ஊசியும் குளிசையும் இல்லாமல் கிடந்தால் அவன் என்ன ஆவான் என்று உங்களுக்குத் தெரியும். கொப்பியின் முன்பக்கத்தையும் கடைசியாக எழுதிய மருந்தையும் போட்டோக்கொப்பி எடுத்து ஒன்றை அவன் பேர்சில் வையுங்கள், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பிடிபட்டால் அதைக் கொண்டு ஓடுங்கள். சிகிச்சையில் இருக்கிறவன் என்று சட்டத்தரணி நீதவானுக்குச் சொல்ல அந்தத் தாள்தான் உதவும். டொக்டரிடம் முதலே சொல்லியிருந்தால் அந்தக் கொப்பி இன்னும் பலமாகப் பேசும். இதையும் யோசியுங்கள்.

இனிச் சைக்கிள்.

கஞ்சாவை மறைத்தீர்கள், அது விளங்குகிறது. சைக்கிளையும் மறைக்க நினைக்கிறீர்கள். கெட்டதையும் சொல்லாமல், நல்லதையும் சொல்லாமல் விட்டால் டொக்டர் ஆருக்கு மருந்து எழுதுகிறார்? புகைக்காத, ஆனால் ஒரு வேலையும் ஏலாத ஒருவனுக்கு. அப்படி ஒருவன் உங்கள் வீட்டில் இல்லை.

சுகம் வந்தால் காசு போய்விடும் என்ற பயத்தை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன், வாய்விட்டு எழுதியது நீங்கள்தான். ஒரு பின்னேரம் சைக்கிள் பூட்டியவனுக்கு மறுநாளே இயலாமை தீர்ந்தது என்று ஒரு டொக்டரும் எழுத மாட்டார். மருந்தால் அடங்கியிருப்பது வேறு, நோய் இல்லாமல் போவது வேறு. அடுத்த சான்றிதழ் எடுக்கிறபோது நல்ல நாளைப் போலவே கூடாத நாட்களையும் சொல்லுங்கள்: மாதத்தில் எத்தனை நாள் எழும்ப மாட்டான், தனியப் பஸ்சில் போவானா, குளிசையை நினைவுபடுத்தாமல் போடுவானா. அது பொய் சொல்வதாகாது. ஆள் எப்படி இருக்கிறான் என்பதற்கு இரண்டும் வேண்டும். பல வருடம் கழித்து, அவன் ஒழுங்காக உழைக்கத் தொடங்கி, மறுபரிசீலனையில் அந்தப் பத்தாயிரம் குறையக்கூடும், இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த நாள் வந்தால் எனக்கு எழுதுங்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து கவலைப்படுவோம்.

சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் போகிறபோது மாற்றுத்திறனாளிகளுக்கான சுயதொழில் உதவி இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு செட் சாவி, ஒரு காத்தடிக்கிற பம், ஒட்டுப் போடுகிற சாமான், வீட்டு வாசலில் ஒரு மரநிழல். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் போதும். கை கிறீசாக இருக்கிற நேரத்தில் சரை சுத்த வராது என்று ஒரு பெடியன் முன்பொருதரம் எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அந்தச் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த பின்னேரம் அவன் எத்தனை தரம் புகைத்தான் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். டொக்டரிடம் கொடுக்கப்போகிற துண்டில் அதையும் எழுதுங்கள்.